கடல் பார்க்கப் போகுமுன்: நாட்பட்ட நோயுடையோரின் விடுமுறைப் பயணம்

அரியலூர் வட்டாரத்து மண்ணில் கிளிஞ்சல் கிடைப்பது புதுமையன்று. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்நிலப்பரப்பைக் கடல் மூடியிருந்தது. நம் சிமெண்ட் ஆலைகள் அரைக்கும் சுண்ணாம்புக்கல் அக்கடல் விட்டுச் சென்றதே. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாய்க் கிடக்கும் மரமும் அக்காலத்துச் சான்றே. இருந்தும் இன்று இவ்விரு மாவட்டங்களுக்கும் கடற்கரை கிடையாது. கடலை ஒருமுறையேனும் கண்ணால் காணாமல் அறுபது வயதைக் கடந்தோர் நம் புறநோயாளர் பிரிவின் வரிசையில் பலர் உண்டு.

அவர்களுள் ஒருவர் சென்ற மார்கழியில் மகனோடும் மருமகளோடும் வந்திருந்தார். குன்னம் பக்கத்துச் சிற்றூரில் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பயிரிடுபவர். பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலை, மாலை இன்சுலின். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து ஓராண்டு நிறைவடையவில்லை. பேத்தியின் பள்ளி விடுமுறையில், மே மாதத்தில், குடும்பத்தோடு புதுச்சேரி செல்வதென்றும் பெரியவரை மட்டும் வீட்டில் விட்டுச் செல்வதென்றும் முடிவு செய்திருந்தார்கள். "அங்க அப்பாவுக்கு ஏதாவது ஆயிட்டா யாரைப் போய்ப் பார்க்கிறது, டாக்டர்?" என்றார் மகன். "நான் வீட்டிலேயே இருந்துக்கறேன். நீங்க போயிட்டு வாங்க" என்றார் பெரியவர், எங்கள் முகத்தைப் பாராமலே.

மகன் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை உண்டு என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. நோயுடையவர் பயணம் செய்யக் கூடாது என்பது பொதுவிதியன்று. திட்டமிடும் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவே. பெரும்பாலான குடும்பங்கள் முதலில் நாளைக் குறித்து, விடுதியைப் பதிவு செய்து, பயணச்சீட்டு எடுத்து, புறப்படுவதற்கு முந்தின நாள் மருத்துவரிடம் "போகலாமா?" என்று கேட்கின்றன. அப்போது மருத்துவர் தயங்கினால் பணமும் வீண், மனமும் வருந்தும். மருத்துவரின் இசைவு முதலில், அடுத்து மாதம், அதன்பின் இடம், விடுதி கடைசியில். நோயுள்ள வீட்டில் இதுவே சரியான வரிசை.

இசைவு

பயணத்துக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். சோதனை முடிவு வந்து மருந்தின் அளவை மாற்றினாலும் உடல் அதற்குப் பழக அவ்வளவு நாள் வேண்டும். அண்மையில் மாரடைப்பு வந்தவர், நெஞ்சுவலி அடிக்கடி வருபவர், படுத்திருக்கும்போதே மூச்சுத் திணறுபவர், வலிப்பு கட்டுக்குள் வராதவர், காலில் ஆறாத புண் உள்ளவர், அறுவைச் சிகிச்சை முடிந்து சில நாள்களே ஆனவர், புற்றுநோய் மருந்தேற்றியபின் வெள்ளணுக்கள் குறைந்திருப்பவர் ஆகியோரைப் பெரும்பாலும் இப்போது வேண்டாம் என்றே சொல்வோம். இப்போது வேண்டாம் என்றால் எப்போதும் வேண்டாம் என்று பொருளன்று. எப்போது முடியும் என்று திருப்பிக் கேளுங்கள். பலர் இதைக் கேட்காமலே எழுந்து போய்விடுகிறார்கள்.

மாதம்

நம் பெரியவரின் திட்டத்தில் பெரும் பிழை அவரை விட்டுச் செல்ல நினைத்ததன்று. மே மாதத்தைத் தேர்ந்ததே. கத்திரி வெயில் காலத்துக் கடற்கரையில் காற்று வீசும். ஆனால் காற்றின் ஈரம் வியர்வையை உலரவிடாது. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். ஆகவே பெரம்பலூரின் வறண்ட வெயிலைத் தாங்கியவர்கூட, வெப்பமானியில் அதைவிடக் குறைந்த வெப்பமே காட்டும் கடலோரத்தில் தளர்ந்து விழக்கூடும். நீர் வெளியேற்றும் மாத்திரை உண்போருக்கும் முதியோருக்கும் இது இன்னும் கடுமை.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியின் முற்பகுதி ஆகியவை வடகிழக்குப் பருவமழையின் காலம். 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி ஊரை வெள்ளத்தில் ஆழ்த்தியது. மின்சாரமும் சாலையும் துண்டிக்கப்பட்ட ஊரில் இன்சுலினையும் டயாலிசிஸையும் நம்பி வாழ்பவர் அகப்பட்டுக்கொள்ளக் கூடாது.

எஞ்சுவது தைப்பொங்கலுக்குப் பிந்தைய இரு மாதங்கள். மக்காச்சோள அறுவடை முடிந்து கையில் சற்றுப் பணமும் ஓய்வும் இருக்கும் காலமும் அதுவே. பிள்ளைகளுக்கு இரண்டு நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். எடுக்கலாம் என்பது எங்கள் கருத்து. சனி, ஞாயிறு நாள்களில் சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வரும் கூட்டத்தில் அறையும் கிடைக்காது, அமைதியும் இராது, வாரநாள்களே நன்று.

இடம்

கடலோர ஊர்கள் பல இருக்க, நாங்கள் புதுச்சேரியைப் பரிந்துரைப்பதற்கு அதன் அழகு காரணமன்று. மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனை அவ்வூரில் உள்ளது. இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனை கடற்கரைக்கு மிக அருகிலேயே உள்ளது. நோயுடையவருக்குக் கடலும் மருத்துவமனையும் ஒரே ஊரில் இருப்பதைவிடப் பெரிய வசதி வேறில்லை. தனித்த தீவுகளுக்கும் ஊரிலிருந்து நெடுந்தொலைவு விலகிய கடற்கரை விடுதிகளுக்கும் செல்ல எண்ணுவோர், அங்கிருந்து நள்ளிரவில் மருத்துவமனையை எட்ட எவ்வளவு நேரமாகும் என்று முதலில் கேட்டறிய வேண்டும்.

பெரம்பலூரிலிருந்து தேசிய நெடுஞ்சாலை வழியே விழுப்புரம் சென்று அங்கிருந்து கிழக்கே திரும்பினால் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அரியலூர்க்காரர்களுக்குத் தொடர்வண்டியும் உண்டு. ஆனால் விழுப்புரம் சந்திப்பில் இறங்கி வண்டி மாற நேரலாம். மூட்டுவலியோ இதயத் தளர்ச்சியோ உள்ளவர் நடைமேடைப் படிகளை ஏறி இறங்குவதைக் காட்டிலும் வாடகை வண்டிக்குச் செலவிடுவது மேல். எந்த வண்டியாயினும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். கால்களைத் தொங்கவிட்டு நெடுநேரம் அசையாதிருந்தால் கால் நாளத்தில் இரத்தம் உறையக்கூடும். வழியில் கழிப்பிடம் கிடைக்காது என்றஞ்சி நீர் அருந்தாமலிருப்பது நம் பெண்களிடம் உள்ள பழக்கம். நீர் வெளியேற்றும் மாத்திரையைத் தாமாகவே விட்டுவிடுவது ஆண்களிடம் உள்ள பழக்கம். இரண்டும் தவறு. அம்மாத்திரையைப் பயண நாளில் எப்போது உண்பது என்று மருத்துவரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

விடுதியைத் தொலைபேசியில் கேட்கும்போது நீச்சல் குளம் உண்டா என்று கேட்பதற்கு முன் தரைத்தள அறை உண்டா, மேலைநாட்டுக் கழிப்பறையா, குளியலறைத் தரை வழுக்குமா, அறையில் குளிர்பதனப் பெட்டி உண்டா, காலை உணவு எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று கேளுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவருக்குக் கடைசிக் கேள்வி மிக முதன்மையானது. ஊசி போட்டபின் இட்லிக்காக ஒரு மணி நேரம் காத்திருப்பது இடர்.

மருந்துப் பை

"மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே மருந்து பெறுவோர், அடுத்த முறை மருந்து வரும் நாள் பயண நாள்களில் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். விழுமாயின் சுகாதாரப் பணியாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பயண நாள்களுக்கு வேண்டியதோடு மூன்று நாள்களுக்கு மிகுதியாக மருந்து எடுத்துச் செல்லுங்கள். அதை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கை நோயாளரின் கைப்பையிலும் மறுபங்கை உடன்வருபவரின் பையிலும் வையுங்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் உண்ணும் இரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளை, குறிப்பாக முதலாண்டில், ஒரு நாள்கூட நிறுத்தலாகாது. பை தொலைந்தது என்பது அங்கே சமாதானம் ஆகாது.

இன்சுலினைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலின் பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் கெடாது. உங்கள் குப்பியின் உறையில் அச்சிட்டிருப்பதையும் பாருங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 50 டிகிரியை எட்டிவிடும். அதில் ஒரு பிற்பகல் கிடந்த இன்சுலின் பார்வைக்கு மாறாமல் இருக்கும், வேலை மட்டும் செய்யாது. இதற்கஞ்சிப் பனிக்கட்டியின் மேல் நேரடியாக வைப்போரும் உண்டு. உறைந்துபோன இன்சுலினும் பயனற்றதே. உருகியபின் அதைப் பயன்படுத்தக் கூடாது. விடுதிக் குளிர்பதனப் பெட்டியில் உறைபனி அறையை ஒட்டி வையாமல் கதவுப் பக்கத்தில் வையுங்கள். பெட்டியே இல்லையென்றால் கவலை வேண்டா. ஈரத் துணி சுற்றிய மண்பானைக்குள், நீர் படாதவாறு ஒரு டப்பாவில் இட்டு நிழலில் வைப்பது நம் பாட்டிமார் அறிந்த குளிர்ச்சி.

பையில் ஒரு தாளும் இருக்க வேண்டும். நோயின் பெயர், மருந்துகளின் மூலப்பெயர், அளவு, ஒவ்வாமை, கடைசிச் சோதனை முடிவுகள், நம் மருத்துவமனையின் தொலைபேசி எண் ஆகியவை அதில் வேண்டும். இதய நோயாளர் கடைசி ஈசிஜியின் நகலையும் கொண்டுசெல்லுங்கள். புதிய ஊரின் மருத்துவருக்குப் பழைய ஈசிஜி ஒன்று இருந்தால், இன்று காணும் மாற்றம் புதிதா, பழையதா என்பதை ஒரு நிமிடத்தில் தீர்மானித்துவிடலாம். காப்பீட்டு அட்டை இருப்போர், புதுச்சேரி தனி ஒன்றியப் பகுதி என்பதை நினைவிற்கொண்டு, அங்கே எம்மருத்துவமனையில் அது செல்லும் என்று நம் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுச் செல்க.

டயாலிசிஸ் செய்துகொள்வோர் இரு வழிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். சென்றடையும் ஊரில் ஒரு மையத்தைச் சில வாரங்களுக்கு முன்பே ஏற்பாடு செய்வது ஒன்று. மஞ்சள்காமாலைக் கிருமிச் சோதனைகள், உலர் எடை, அண்மைய டயாலிசிஸ் குறிப்புகள் ஆகியவற்றை அம்மையம் கட்டாயம் கேட்கும். ஒரு டயாலிசிஸ் முடிந்த மறுநாள் காலை புறப்பட்டு, ஓரிரவு தங்கி, அடுத்த முறைக்குமுன் திரும்பிவிடுவது மற்றொன்று. புதுச்சேரி அத்தொலைவில் இருப்பதால், முதன்முறை செல்வோர் இந்த இரண்டாவது வழியையே கைக்கொள்ளலாம் என்போம்.

கடலருகே

புதுச்சேரிக் கடற்கரைச் சாலை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம். மாலை முதல் மறுநாள் காலை வரை வாகனங்கள் அனுமதிக்கப்படாததால் முதியோர் அச்சமின்றி நடக்கலாம். சக்கர நாற்காலியும் உருளும். காந்தி சிலையருகே அமர்ந்து அலையைப் பார்த்துக்கொண்டிருப்பதே பலருக்குப் போதும். அங்கு கரையை அரிப்பிலிருந்து காக்கக் கொட்டிய பாறைகளின் மேல் எவரும் இறங்க வேண்டா, பாசி வழுக்கும். நீரில் கால் நனைக்க விரும்புவோர் 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்ற சின்னவீராம்பட்டினம் ஈடன் கடற்கரை போன்ற, உயிர்காப்பாளர் பணியிலிருக்கும் இடத்துக்குச் செல்லுங்கள். நம் கொள்ளிடத்திலும் ஏரியிலும் நீந்தக் கற்றவர்க்கும் கடல் வேறு. கரையை விட்டு உள்நோக்கி இழுக்கும் நீரோட்டத்தை மேலிருந்து பார்த்துக் கண்டுகொள்வது கடினம். வலிப்பு நோயுள்ளவர் நீரில் இறங்கவே வேண்டா. மது அருந்தியவரும் இறங்கலாகாது. புதுச்சேரி என்றதும் சிலர் முகத்தில் தோன்றும் மலர்ச்சியின் காரணம் எங்களுக்குத் தெரியும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் மது அருந்தினால் இரத்தச் சர்க்கரை வெகுவாகத் தாழக்கூடும். அப்போது தள்ளாடும் அவரைக் குடித்தவர் என்று கருதிப் பிறர் விலகிச் சென்றுவிடுவர்.

சர்க்கரை நோயாளர் மணலில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. இதைத்தான் கடலுக்குச் செல்வோர் அனைவரும் மீறுகின்றனர். பாதத்தின் உணர்வு குன்றியவருக்கு நண்பகல் மணல் சுடுவதே தெரியாது. கொப்புளம் வந்தபின், சில வேளை வீடு திரும்பியபின், அறிகிறார். கிளிஞ்சல் கீறலும் அவ்வாறே. பின்பட்டையுள்ள மூடிய செருப்பு அணிந்து காலையிலும் மாலையிலும் மட்டும் நடந்து, அறைக்கு வந்ததும் நல்ல நீரில் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளை உடன்வந்தவர் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். திறந்த புண்ணோடு கடல்நீரில் இறங்கினால் உப்புநீர்க் கிருமிகள் புகும். கல்லீரல் நோயுள்ளவருக்கு அது உயிருக்கே தீங்காகலாம். சரியாக வேகாத சிப்பி, நண்டு வகைகளும் அவர்களுக்கு ஆகா.

வெயிலில் நிறைய நீர் அருந்துங்கள், இளநீர் குடியுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த அறிவுரை எல்லார்க்கும் பொருந்தாது. இதயத் தளர்ச்சி, சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களுக்கு நாள் ஒன்றுக்கு இவ்வளவு நீர் என்று மருத்துவர் அளந்து கொடுத்திருப்பார். வெயிலுக்காக அதை எவ்வளவு கூட்டலாம் என்று அவரையே கேட்க வேண்டும். ஒரு குவளை இளநீரில் ஏறத்தாழ ஒரு வாழைப்பழத்தில் உள்ள அளவு பொட்டாசியம் உண்டு, சில வேளை அதற்கும் மேல். சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். சாலையோரத்தில் அன்போடு வெட்டித் தரும் இளநீரை மறுப்பது கடினந்தான். டயாலிசிஸ் நோயாளர் மறுத்தே ஆக வேண்டும். கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் இதயத் தளர்ச்சியாளர் அவ்வாறே விடைகொடுக்க வேண்டும். குழம்பு மீன், உப்புக் குறைத்துக் கேட்டால், எல்லார்க்கும் நன்று.

நடையும் வெப்பமும் சேரும்போது இன்சுலின் விரைவாக உடலில் ஏறும். வியர்த்து, நடுங்கி, பசித்து, பேச்சுக் குழறினால் சோதனைக்காகக் காத்திராமல் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். நெஞ்சுவலி, வாய்க்கோணல், ஒருபக்கக் கை கால் தளர்ச்சி, வெயிலில் உடல் கொதித்துப் பிதற்றல் ஆகியவற்றுக்கும் அதே எண்தான். வெயில் தாக்கியவரை ஊர்தி வரும்வரை நிழலில் கிடத்தி நீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள்.

உடன்செல்வோருக்கு

பெரியவரின் மருமகள் அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாள்தோறும் இருவேளை ஊசி போடுபவர், கணக்கெழுதி வைப்பவர் அவரே. விடுமுறை அவருக்கும் வேண்டும். ஆகவே, அவ்விரு நாள்களுக்கும் ஊசியையும் மாத்திரையையும் மகன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, செவிலியர் அவருக்கு ஊசி போடும் முறையை அங்கேயே கற்பித்தார். நான்கு முறை தவறி ஐந்தாம் முறை சரியாகப் போட்டார். புறப்படுமுன் வீட்டில் ஒரு வாரம் அவரே போட்டுப் பழகவும் சொன்னோம். பயணத்தில் இந்தப் பொறுப்பை எவர் எந்நேரம் ஏற்பது என்று குடும்பத்தார் முன்னரே பேசி முடித்துவிட வேண்டும். இல்லையேல் வழக்கமாகச் செய்பவர் தலையிலேயே அது விழும்.

மாசி மாதத்து வாரநாள் இரண்டில் அவர்கள் புதுச்சேரி சென்றார்கள். திரும்பிய மறுநாளே பாதத்தைக் காட்ட வரவேண்டும் என்று புறப்படுமுன் நாள் குறித்துக் கொடுத்திருந்தோம். பயணம் முடித்த ஒவ்வொருவரும் இவ்வாறு ஒருமுறை வந்து பாதம், எடை, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் காட்டிச் செல்வது நன்று. இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் எங்கு சென்று வந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பெரியவர் சொன்ன நாளில் வந்தார். பாதத்தில் கீறல் இல்லை. சர்க்கரை சற்றுக் கூடியிருந்தது. கேட்டதற்கு, பேத்தி வாங்கிக் கொடுத்த பஞ்சுமிட்டாயில் பாதியைத் தாம் உண்டதாக ஒப்புக்கொண்டார்.